விரல்கள் மறந்து போகுமா?

மாணவ நண்பர்களே, ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் எடுத்துக் கொள்ளுங்கள். கணினியின் விசைப்பலகையில் ஆங்கில எழுத்துகள் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்று, பலகையைப் பார்க்காமல், நினைவிலிருந்து வரைந்து பாருங்கள். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம். முடிந்ததும் உண்மையான பலகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பல எழுத்துகள் இடம் மாறியிருந்தால் வருந்தாதீர்கள். அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக் கழக உளவியலார் இதே சோதனையைத் தேர்ந்த தட்டச்சாளர்களிடம் செய்து 2014-இல் வெளியிட்டார்கள். அவர்கள் சராசரியாக நிமிடத்துக்கு 72 சொற்கள் தட்டியவர்கள். ஆனால் வெற்றுப் பலகைப் படத்தில் அவர்களால் சரியான இடத்தில் எழுத முடிந்தவை, 26 எழுத்துகளில் சராசரியாக 15 தான்!

இது எப்படி? பார்க்காமலே வேகமாகத் தட்டுகிற ஒருவருக்கு எழுத்துகள் எங்கே இருக்கின்றன என்று தெரியாமலா இருக்கும்? தெரியும். ஆனால் அந்த அறிவு சொல்லில் எடுத்துரைக்கக் கூடிய அறிவாக இல்லை. கையின் இயக்கத்தோடு ஒன்றிப்போன பழக்கமாக இருக்கிறது. கேட்டால் சொல்லத் தெரியாது, செய்யச் சொன்னால் வரும். மிதிவண்டியில் சாயாமல் செல்வது எப்படி என்று உங்களால் தம்பிக்கு விளக்கிச் சொல்ல முடிகிறதா? அதுபோலத்தான்.

இந்த உண்மையை நான் ஓர் அலுவலகத்தில் நான்கு பேர் பார்க்க உணர்ந்தேன். எழுத்து வேலையே தொழிலாக இருந்ததால் எனக்கு மணிக்கட்டில் வலி வந்திருந்தது. அதற்காக வீட்டில் இரண்டு துண்டாகப் பிளந்த விசைப்பலகை ஒன்றை வாங்கி, விசைகளை என் வசதிக்கு மாற்றி அமைத்துக்கொண்டு, சில வாரங்கள் அதிலேயே பழகியிருந்தேன். அந்தச் சமயத்தில் வெளியூர் அலுவலகம் ஒன்றில் அவசரமாக ஒரு கடிதத்தை அனுப்ப வேண்டியிருந்தது. அங்கே இருந்தது சாதாரணப் பலகை. கடவுச்சொல்லைத் தட்டினேன், தவறு என்றது. மறுபடி தட்டினேன், மறுபடி தவறு. திரையில் எழுத்துக்குப் பதில் புள்ளிகள் மட்டுமே விழுவதால் எங்கே பிழை என்று தெரியவில்லை. சரி, எழுத்து எழுத்தாக நினைவுகூர்ந்து அடிக்கலாம் என்றால், கடவுச்சொல் என்னவென்றே எனக்குத் தெரியவில்லை! அதை அறிந்திருந்தவை என் விரல்கள் மட்டுமே. மூன்றாம் முறையும் தவறியதும் கணக்கு பூட்டிக்கொண்டது. கடிதம் அன்று போகவில்லை.

பழைய பலகை ஏன் கைவிட்டது? புதிய பலகையைக் கற்றால் பழையதை மறந்துதான் ஆக வேண்டுமா? இதைப் பார்ப்பதற்கு முன், பலகையை எதற்காகப் பிளக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வோம்.

கையும் பலகையும்

உங்கள் இரு கைகளையும் சாதாரண விசைப்பலகையின் மேல் தட்டச்சு செய்வது போல் வைத்துக் கொள்ளுங்கள். இப்போது மணிக்கட்டுகளை மட்டும் கவனியுங்கள். தோள்கள் அகலமானவை; பலகையின் எழுத்துப் பகுதியோ ஒரு சாண் அளவுக்குச் சற்றே கூடுதல். ஆகவே முன்கைகள் இரண்டும் உள்நோக்கிச் சாய்ந்து வருகின்றன. விரல்கள் நேராக விசை வரிசையைப் பார்க்க வேண்டுமானால் கை மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக வளைந்தே தீர வேண்டும். இது முதல் வளைவு.

இரண்டாவது ஒன்று இருக்கிறது. கைகளைத் தொங்கவிட்டு, அப்படியே முழங்கையை மடக்கி முன்னே நீட்டுங்கள். உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். அதுதான் இயல்பான நிலை. பலகையின் மேல் வைக்கும்போது உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி முறுக்குகிறோம். முன்கையிலுள்ள ரேடியஸ் என்னும் எலும்பு அல்னா என்னும் எலும்பின் மேல் குறுக்கே புரண்டு வருவதால் இம்முறுக்கு ஏற்படுகிறது. சிறிது நேரம் என்றால் ஒன்றும் இல்லை. நாள்தோறும் பல மணி நேரம் என்றால்? மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு தசைநார்ப் பட்டைக்கும் இடையே குகை போன்ற குறுகிய வழி உண்டு. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும், மீடியன் நரம்பும் அதன் வழியாகவே செல்கின்றன. நெரிசலான அந்தச் சந்தில் கையை வளைத்தபடியே வேலை வாங்குவது நல்லதன்று.

பலகையை இரண்டாகப் பிளந்து தோள் அகலத்துக்கு விலக்கி வைத்தால் முதல் வளைவு குறைகிறது. ஒவ்வொரு பாதியையும் நடுப்பக்கம் உயர்த்திக் கூடாரம் போல் சாய்த்தால் இரண்டாவதும் குறைகிறது. இவ்வளவுதான் தத்துவம். இந்த எண்ணம் புதியதன்று. ஜெர்மனியில் கிளாக்கன்பெர்க் என்பவர் 1926-லேயே தட்டச்சுப் பொறியின் பலகையைப் பிளக்க வேண்டும் என்று எழுதினார். 1972-இல் குரோமர் என்ற அறிஞர் பிளந்து சாய்த்த பலகையை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். அதே பத்தாண்டுகளில் இங்கிலாந்தில் லில்லியன் மால்ட் என்ற தட்டச்சுப் பயிற்சியாளர் ஒரு பொறியாளருடன் சேர்ந்து 'மால்ட்ரான்' பலகையை உருவாக்கினார். ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் எழுத்தான 'இ'யை அதில் இடது கட்டைவிரலுக்குக் கொடுத்துவிட்டார்கள்! 1994-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் நடுவில் விலகிய பலகையை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பிளந்த பலகையில் மணிக்கட்டின் வளைவு குறைகிறது என்பது அளந்து பார்த்த உண்மை. அதனால் கைநோய் வரவே வராது என்று விளம்பரங்கள் சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. வலி இருந்தால் மருத்துவரிடம் செல்வதுதான் முறை.

ஒன்பதரை மில்லிமீட்டர்

சாதாரணப் பலகையில் விசை வரிசைகள் ஒன்றின் கீழ் ஒன்று நேராக இல்லை, கவனித்திருக்கிறீர்களா? ஒவ்வொரு வரிசையும் சற்று விலகி நிற்கிறது. 1868-இல் அமெரிக்காவில் ஷோல்ஸ் என்பவர் தம் நண்பர்களுடன் தட்டச்சுப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். 1874-இல் அது ரெமிங்டன் நிறுவனத்தின் பொறியாக விற்பனைக்கு வந்தது. அந்தப் பொறிகளில் ஒவ்வொரு விசையிலிருந்தும் ஒரு நெம்புகோல் பின்னோக்கிச் செல்லும். அவை ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க விசைகளைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். கணினியில் நெம்புகோல் ஏது? ஆனாலும் பழைய ஒழுங்கு தொடர்கிறது.

புதிதாக அமைக்கப்படும் பிளந்த பலகைகள் பலவற்றில் விசைகள் விரலின் போக்கில் நேர்நேர்த் தூண்களாக நிற்கின்றன. விரல் முன்னும் பின்னும் மட்டும் போனால் போதும். இது வசதிதான், ஆனால் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடு வரை ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். சாதாரணப் பலகையில் கீழ்வரிசை, நடுவரிசையிலிருந்து அரை விசை, அதாவது ஒன்பதரை மில்லிமீட்டர் வலப்புறம் தள்ளியிருக்கும். தூண் பலகையில் பழகிய இடது மோதிரவிரல், சாதாரணப் பலகையில் தன் இடத்திலிருந்து நேர் கீழே இறங்கினால் எங்கே விழும்? சரியாக இரண்டு விசைகளின் நடுச்சந்தில்! என் கடவுச்சொல் அந்தச் சந்தில்தான் காணாமல் போனது.

பிளந்த பலகை நம் பழைய குற்றங்களையும் காட்டிக் கொடுத்துவிடும். ஆங்கில வரிசையின் இரண்டாம் எழுத்தான 'பி', சாதாரணப் பலகையில் இரு சுட்டுவிரல்களுக்கும் எட்டும் தொலைவில் இருக்கிறது. முறையாகக் கற்றவர்கள் அதை இடது கையால் தட்டுவார்கள். தாமாகக் கற்றவர்களில் பலர் வலது கையால் தட்டுவார்கள். பிளந்த பலகையில் அது பெரும்பாலும் இடது துண்டில் இருக்கும். வலது சுட்டுவிரல் அதைத் தேடிப் போய் வெறும் மேசையைத் தட்டும். எனக்கு முதல் வாரம் முழுவதும் இந்த ஓசைதான்.

கட்டைவிரல்களின் கதை வேறு. சாதாரணப் பலகையில் வலிமை மிக்க இரண்டு கட்டைவிரல்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு வேலை, இடைவெளிப் பட்டையைத் தட்டுவது. மெலிந்த சுண்டுவிரலுக்கோ ஷிப்ட், கன்ட்ரோல், என்டர், பேக்ஸ்பேஸ் என்று சுமைமேல் சுமை. மாற்றி அமைக்கும் பலகைகளில் இச்சுமையில் ஒரு பகுதியைக் கட்டைவிரல்களுக்குக் கொடுப்பார்கள். இடது கட்டைவிரலில் பேக்ஸ்பேஸ் வைத்துப் பழகியவர், சாதாரணப் பலகையில் பிழையை அழிக்க நினைத்துத் தட்டினால் எழுத்து அழியாது. ஓர் இடைவெளி கூடும்.

பழையது எங்கே போகிறது?

1900-இல் ஜெர்மனியின் கட்டிங்கன் நகரில் முல்லர், பில்செக்கர் என்னும் இருவர் நினைவைப் பற்றிச் சோதனைகளை வெளியிட்டார்கள். பொருளற்ற அசைகளின் பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்தவர்களிடம், உடனே இன்னொரு பட்டியலையும் கொடுத்தால், முதற்பட்டியலின் நினைவு குறைந்தது. பின்னால் கற்றது முன்னால் கற்றதன் காலை வாரிவிடுகிறது. இதைக் குறுக்கீடு என்பர்.

கைப்பழக்கத்திலும் குறுக்கீடு உண்டு. அமெரிக்காவில் அலபாமாவைச் சேர்ந்த டெஸ்டின் சாண்ட்லின் என்ற பொறியாளர், கைப்பிடியை இடப்புறம் திருப்பினால் சக்கரம் வலப்புறம் திரும்பும்படி செய்த ஒரு மிதிவண்டியை ஓட்டக் கற்றார். நாள்தோறும் சில நிமிடங்கள் பழகி, எட்டு மாதத்தில் ஓட்ட வந்தது. அவருடைய சிறு மகனுக்கு இரண்டே வாரம் போதுமாயிருந்தது. பிறகு அவர் சாதாரண மிதிவண்டியில் ஏறிப் பார்த்தார், ஓட்ட முடியவில்லை! ஏறக்குறைய இருபது நிமிடம் தடுமாறிய பிறகு, திடீரென்று பழைய பழக்கம் திரும்பி வந்தது. இதை அவர் 2015-இல் படம்பிடித்து வெளியிட்டார்.

இருபது நிமிடத்தைக் கவனியுங்கள். பழையது அழிந்து போயிருந்தால் திரும்பக் கற்க இன்னும் எவ்வளவோ காலம் ஆகியிருக்கும். அது உள்ளே இருந்தது. வாசல் அடைபட்டிருந்தது, அவ்வளவே. இரண்டு வண்டிகளிலும் இருக்கை, கைப்பிடி, மிதிகட்டை எல்லாம் இருந்தன. ஏறி உட்கார்ந்ததும் 'இது எந்த வண்டி?' என்று உடலுக்குச் சொல்ல அடையாளம் ஏதும் இல்லை. ஒத்த தோற்றமுள்ள இரண்டு, வெவ்வேறு செயலைக் கேட்டால்தான் குறுக்கீடு கடுமையாகிறது.

தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே நாளில் எழுதுகிறீர்கள், எழுத்துகள் குழம்புகின்றனவா? இல்லை. உருவம் அவ்வளவு வேறுபட்டது. பலகைகளிலும் இப்படித்தான். கைகள் விலகி, உள்ளங்கை சாய்ந்து, விரலடியில் விசைகள் வேறு விதமாக நின்றால், அந்த நிலையே ஓர் அடையாளமாகிவிடும். இரண்டிலும் பழகியவரின் விரல்கள் அமர்ந்த உடனே 'இது அந்தப் பலகை' என்று அறிந்துகொள்கின்றன. ஆகவே, எழுத்துகளின் ஒழுங்கையே மாற்றிக் கற்க விரும்புகிறவர்கள் புதிய ஒழுங்கைப் பிளந்த பலகைக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, சாதாரணப் பலகையில் பழைய ஒழுங்கையே வைத்துக்கொள்வது நல்லது. ஒரே பலகையில் இன்று ஒன்று, நாளை ஒன்று என்று மாற்றினால் இரண்டும் கெடும்.

நான் செய்த தவறு, பழைய பலகையை அடியோடு விட்டது. பின்னர் நாளில் பத்து நிமிடமாவது அதிலும் தட்டத் தொடங்கினேன். முதலில் இரண்டிலும் தடுமாற்றம். நடுவில் ஒரு காலம் முன்னேற்றமே இல்லாதது போல் தோன்றும். இதற்கு மனம் தளரக் கூடாது. 1897-லேயே பிரையன், ஹார்ட்டர் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் தந்தி கற்கும் மாணவர்களின் வேகத்தை வாரந்தோறும் அளந்து வரைபடம் வரைந்தார்கள். கோடு ஏறும்; பிறகு வாரக் கணக்கில் மேட்டுநிலம் போல் சமமாகக் கிடக்கும்; பிறகு மறுபடி ஏறும்.

எழுத்து எங்கே இருக்கிறது?

பலகையை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் சென்றால் வேறொரு வேடிக்கை நடக்கும். அதைப் புரிந்துகொள்ள, விசையைத் தட்டும்போது என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பலகையின் ஒரு பாதியில் 21 விசைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி வேண்டாம். 4 கிடைக்கம்பிகள், 6 நெடுக்கம்பிகள் ஆகப் பத்தே கம்பிகளை வலை போல் அமைத்தால் 24 சந்திப்புகள் கிடைக்கும். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு விசை. பலகைக்குள் இருக்கும் ஒரு சிப் இக்கம்பிகளை நொடிக்குப் பல நூறு முறை சோதித்து, எந்தச் சந்திப்பு மூடியிருக்கிறது என்று கண்டு, கணினிக்கு ஓர் எண்ணை அனுப்புகிறது. எழுத்தை அனுப்புவதில்லை, எண்ணைத்தான். யுஎஸ்பி முறையில் ஆங்கில முதலெழுத்துக்குரிய விசையின் எண் 4. இரண்டாம் எழுத்துக்கு 5. இப்படியே கடைசி எழுத்துக்கு 29. என்டர் விசைக்கு 40. இந்த எண்ணுக்குத் திரையில் எந்த எழுத்தைப் போடுவது என்று முடிவு செய்வது கணினி.

ஆகவே எழுத்தின் ஒழுங்கை இரண்டு இடங்களில் மாற்றலாம். கணினியில் மாற்றினால் அது அந்தக் கணினியோடு நின்றுவிடும். பலகைக்குள் உள்ள சிப்பில் மாற்றினால் பலகை போகும் இடமெல்லாம் உடன் வரும். அடிக்கடி கணினி மாறுகிறவருக்கு இரண்டாவதே ஏற்றது. ஆனால் இரண்டு இடத்திலும் மாற்றிவிட்டால்?

டுவோராக் என்ற ஒழுங்கை எடுத்துக்கொள்வோம். 1936-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது அது. வழக்கமாக 'எச்' இருக்கும் இடத்தில் அதில் 'டி' என்னும் நான்காம் எழுத்து இருக்கும். உங்கள் பலகை அந்த ஒழுங்கில் இருக்கிறது. 'டி' வேண்டி அந்த விசையைத் தட்டுகிறீர்கள். பலகை 7 என்ற எண்ணை அனுப்புகிறது. சாதாரணக் கணினியில் 'டி' விழும். ஆனால் அந்தக் கணினியையும் யாரோ டுவோராக்குக்கு மாற்றி வைத்திருந்தால், 7 என்ற எண்ணை அது தன் பங்குக்கு இன்னொரு முறை மொழிபெயர்த்து 'இ'யைப் போடும். மொழிபெயர்ப்பை மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்பது தமிழ் மாணவர்களுக்குச் சொல்லவா வேண்டும்!

நமக்கு இதில் தனி அக்கறை உண்டு. தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற 'தமிழ்99' ஒழுங்கு கணினியில்தான் இருக்கிறது. அதில் 'எச்' விசைக்கு க. 'டி' விசைக்கு உ. டுவோராக் பலகையைக் கொண்டுபோய்த் தமிழ்99 வைத்துள்ள கணினியில் செருகி, க வேண்டித் தட்டினால் பலகை 7-ஐ அனுப்பும். திரையில் உ விழும். ஆங்கிலத்துக்கு மாற்றி அமைத்த பலகை தமிழைக் கலைத்துவிடுகிறது. தீர்வு எளிது. இத்தகைய பலகைகளில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பல அடுக்குகளை வைத்துக்கொள்ளலாம். ஓர் அடுக்கைச் சாதாரண ஒழுங்கில் மாற்றாமல் விட்டு, ஒரே விசையைத் தட்டினால் அதற்குப் போகும்படி செய்துவிட வேண்டும். தமிழ் எழுதும்போது அந்த அடுக்கு. இன்னொரு நன்மையும் இருக்கிறது: தமிழ்99-இல் உயிரெழுத்துகள் அனைத்தும் இடப்பக்கம், மெய்களில் பெரும்பாலானவை வலப்பக்கம். இரு கைகளும் மாறி மாறித் தட்டுகின்றன. பிளந்த பலகைக்கென்றே செய்தது போல் இருக்கும்!

ஆப்பிள் கணினிக்கும் மற்றவற்றுக்கும் மாறுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. நகலெடுக்க ஒன்றில் கமாண்ட் விசை, மற்றதில் கன்ட்ரோல் விசை. எண்கள் 227, 224. இரண்டையும் இடம் மாற்றும் ஓர் அடுக்கை வைத்துக்கொண்டால் விரல் மாற வேண்டியதில்லை. ஒரே விசை தட்டினால் எழுத்தாகவும், அழுத்திப் பிடித்தால் கன்ட்ரோலாகவும் வேலை செய்யும் ஏற்பாடும் உண்டு. ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம், அதாவது 200 மில்லிநொடி, பெரும்பாலும் எல்லையாக வைக்கப்படும். சாமர்த்தியமான ஏற்பாடுதான். ஆனால் தேர்வுக்கூடத்திலோ பள்ளி ஆய்வகத்திலோ சொந்தப் பலகையைச் செருக விடமாட்டார்கள். அங்கே நீங்கள் நம்ப வேண்டியது, தினம் பத்து நிமிடம் உயிரோடு வைத்திருந்த பழைய பழக்கத்தைத்தான். கடவுச்சொல்லை மட்டும் தலையிலும் வைத்துக் கொள்ளுங்கள்.

விலை கொடுத்துப் பலகை வாங்காமலே இதைச் சோதிக்கலாம். ஆசிரியரின் அனுமதியோடு ஒரே கணினியில் இரண்டு சாதாரணப் பலகைகளைச் செருகுங்கள். இரண்டும் வேலை செய்யும். தோள் அகலத்துக்கு விலக்கி வைத்து, இடக்கையை இடது பலகையிலும் வலக்கையை வலது பலகையிலும் வையுங்கள். மணிக்கட்டு நேராவதைப் பாருங்கள். பிறகு வலது பலகையின் இடப்பாதியையும், இடது பலகையின் வலப்பாதியையும் அட்டையால் மூடிவிட்டு ஒரு பக்கம் தட்டச்சு செய்யுங்கள். பக்கத்தில் ஒரு நண்பரை உட்கார வைத்து, உங்கள் வலது சுட்டுவிரல் எத்தனை முறை அட்டையைத் தட்டுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள்.